அடுப்பைப் பார்க்காத ரொட்டி

போர்மேன் அண்ணாச்சி என் ரொட்டியைக் கடித்துப் பார்க்கவில்லை. தட்டிப் பார்த்தார்.

இரண்டு ரொட்டிகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று மோதினார். ‘டொக்’ என்றது. நம்பாமல் இன்னொரு தடவை மோதினார். மறுபடியும் அதே ‘டொக்’.

வேப்பமரத்தடியில் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முப்பது பேருக்கும் அது பழகிய சத்தம். வெயிலில் காய்ந்த வெடிக்குழாய்களை நாங்கள் அப்படித்தான் தட்டிப் பார்ப்போம். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மறுபடி பரப்ப வேண்டும். கணீரென்று வந்தால் சரக்கு தயார்.

“நல்லாக் காஞ்சிருக்கும்மா. திரி மட்டும் வச்சிட்டா பேக்கிங்குக்கு அனுப்பிரலாம்” என்றார் அண்ணாச்சி.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் செட்டில், அதாவது ஒரே வேலைக் கொட்டகையில், என்னோடு இருந்த தோழி கோமதி மட்டும் சிரிக்கவில்லை. எனக்காக ஒரு ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். கடித்தாள். அப்புறம் தாடையைப் பிடித்துக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அது ஆவணி மாதம், தீபாவளி சீசனின் நடுப்பகுதி. வீட்டுக்கு ஒரு செல்போன் என்று எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். சாயங்காலம் நாலு மணிக்கும் சிவகாசி வெயில் இறங்க மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. வேலை போய் ஏழு மாதம் கழித்து, கையில் ரொட்டியோடு நான் அந்தக் கம்பெனிக் கேட்டுக்குள் கால் வைத்திருந்தேன். அந்த ரொட்டி அந்தப் பெண்களின் தொண்டையில் இறங்கினால் எனக்கு மறுபடி அங்கே வேலை. இறங்காவிட்டால் வீடுதான். இறங்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அண்ணாச்சி மேலே இல்லை, சிரித்தவர்கள் மேலேயும் இல்லை. அந்த ரொட்டி மேலே. இரண்டு நாள் பொத்திப் பொத்திக் காய வைத்தேன், என்னையே காலை வாரிவிட்டதே என்றிருந்தது.

பட்டாசுக்காரிக்கு ரொட்டி எதற்கு?

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள் தின்பண்டத் தொழிலுக்கு எப்படி வந்தாள் என்று. நியாயமான கேள்விதான். வந்த கதையைச் சொன்னால்தான் அந்த ‘டொக்’ எப்படி வந்தது என்பதும் புரியும்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக நாலு வரி. தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பொறி. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து போய்விட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. மதுரையில் பெரியாஸ்பத்திரியில் நாற்பது நாளுக்கு மேல் இருந்தேன். தோல் வந்துவிட்டது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. நாலு விரலும் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் விறைப்பாக நின்றுவிட்டன.

கையைப் பற்றி நான் அதிகம் அழவில்லை. அழ வைத்தது வேறு ஒன்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் டீ போடலாம் என்று மண்ணெண்ணெய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை எடுத்தேன். உரசவில்லை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது சேலை தொப்பலாக நனைந்திருந்ததாம், வேர்வையில்.

நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊர் எங்கள் ஊர். சாத்தூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் குச்சி மருந்தின் வாசனை மூக்கில் ஏறும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு ஒரு குச்சியை உரசப் பயம் என்றால் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? ஆனால் உண்மை அதுதான். நெருப்பைப் பார்த்தால் கையில் போட்ட தோல் மறுபடி உரிகிற மாதிரி இருக்கும்.

இரக்கமும் சால்னாவும்

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்காரர்தான் பொங்கினார். அவர் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவர். மூட்டை தூக்கிப் பழகிய கையால் உப்புப் போட்டால் குழம்பு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பாவம், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மதினியும் தூக்குச்சட்டியில் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். வைத்துவிட்டு என் கையைப் பார்த்து ஒரு ‘ச்சு’ கொட்டுவார்கள். அந்த ‘ச்சு’தான் எனக்கு ஆகாது. சாப்பாட்டோடு இரக்கத்தையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தால் எனக்கு இறங்காது. சின்னதிலிருந்தே நான் அப்படித்தான்.

சாத்தூரில் மைமூன் அக்கா என்று ஒருவர். அவரும் அவருடைய வீட்டுக்காரரும் தவச தானியக் கடை வைத்திருந்தார்கள். விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து பயறு, எள், கடலை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நான் வாரா வாரம் சாமான் வாங்குகிற இடம். அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், வாய் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் டீ போட முடியாததைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஊற வைத்த அவலில் வெல்லமும் தேங்காயும் போட்டுக் கொடுத்தேன். மளமளவென்று தின்றார். ‘ச்சு’ கொட்டவே இல்லை. தின்று முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். மனசுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

துள்ளுமாவுக்கு ஏது அடுப்பு?

யோசித்துப் பார்த்தேன். மாரியம்மன் பொங்கலுக்குத் துள்ளுமாவு இடிக்கிறோமே, அதற்கு ஏது அடுப்பு? பச்சரிசியை ஊற வைத்து, இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்தால் தீர்ந்தது. அம்மனே அதைத்தான் சாப்பிடுகிறாள். எள்ளையும் கருப்பட்டியையும் சேர்த்து இடித்தால் உருண்டை. பச்சைப்பயறை நனைத்துத் துணியில் கட்டிப் போட்டால் மறுநாள் வாலை நீட்டிக்கொண்டு முளைத்து நிற்கிறது. நெருப்பு இல்லாமல் தின்ன இவ்வளவு இருக்கிறது என்பது அதுவரை என் புத்தியில் ஏறவில்லை.

ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி இருந்தது. ஊறிய நிலக்கடலையும் பேரீச்சம்பழமும் சேர்த்து அரைத்து உருண்டை பிடித்தேன். மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்தாள். மதினிக்கும் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தேன். அவர்கள் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்து ஒரு படி சோறு வடிப்பது, பதிலுக்கு நான் பலகாரம் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. ‘ச்சு’ நின்றுபோனது.

எங்கள் வீட்டுக்காரர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் சால்னா வாசனை. விருதுநகருக்கு லோடு போகிற சாக்கில் பொரிச்ச பரோட்டா தின்றுவிட்டு வந்திருக்கிறார். ரொட்டியை எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற ஊர் அது. அந்த ஊர்க் கடையில் நாலு பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு, வீட்டில் முளைகட்டிய பயறை மென்றுகொண்டிருந்தார் மனுசன். கேட்டதற்கு, பரோட்டா மாதிரி பிய்த்துத் தின்ன ஏதாவது இருந்தால் போதும் என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுப்பில்லாமல் ரொட்டி செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வத்தல் பாய்

கம்பை ஒரு ராத்திரி ஊற வைத்து, துணியில் கட்டி முளைக்க விட்டேன். முளைத்த கம்பை ஊறிய கடலையோடு சேர்த்து அரைத்து, சீரகம், உப்பு, கறிவேப்பிலை போட்டுப் பிசைந்தேன். அப்புறம் தட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். மடங்காத என் இடது கை தட்டுவதற்கென்றே செய்த கை. விரல்கள் விறைப்பாக நிற்பதால் மாவின் மேல் பலகை மாதிரி சமமாகப் படியும். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு என்ற பேச்சே கிடையாது. இப்போது என்னிடம் வேலை பார்க்கிற எட்டுப் பேரில் ஒருவருக்கும் அந்தத் தட்டு வராது. நல்ல விரல் பத்து இருந்து என்ன செய்ய?

வாழை இலையில் தட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தளத்தில் கிடந்த பாயில் பரப்பினேன். அது மிளகாய் வத்தல் காயப்போட்ட பாய் என்பது என் ஞாபகத்தில் இல்லை. இலைகளைக் காற்று கவிழ்த்துவிட, ரொட்டிகள் நேராகப் பாயிலேயே புரண்டிருக்கின்றன. சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாய் பிய்த்துப் போட்டார். தண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கிக் குடித்தார். பரோட்டாவுக்கு நல்ல தண்டனை என்று நான் நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

தடிமனாகத் தட்டிய ஒரு நாள் நடுவில் புளித்துப்போனது. மெலிசாகத் தட்டி, கருங்கல் பலகையில் போட்டபோது சரியாக வந்தது. சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்கையை வைக்க முடியாது. அந்தச் சூடு எனக்குப் பயமாக இல்லை. அதில் வெளிச்சம் இல்லை, சீறல் இல்லை. அது பாட்டுக்கு வேலை பார்த்தது.

பெருக்குகிற வேலை

ஆடி பிறந்ததும் கம்பெனிக்குப் போனேன், வேலை கேட்க. போர்மேன் அண்ணாச்சி நல்ல மனுசர். இன்னொரு தடவையும் சொல்கிறேன், நல்ல மனுசர். என் கையைப் பார்த்தார். இந்தக் கையால் திரி வைக்க முடியாது, வேகம் வராது என்று மெதுவாகச் சொன்னார். ஊர் ஊராக ஆள் ஏற்றிவருகிற கம்பெனி வேனில் என் சீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதையும் சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆபீஸ் வாசலைப் பெருக்குகிற வேலை தருகிறேன் என்றார்.

“பெருக்கக்கூட வேணாம்மா. வந்து சும்மா உக்காந்திருந்தாப் போதும்” என்றார்.

பெருக்குவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றாரே, அதுதான் சுட்டது. பதினோரு வருசம் வேலை பார்த்த இடத்தில் என்னைப் பார்வைக்கு வைத்த பொம்மை மாதிரி உட்கார வைப்பதா? வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேலைக்காரியாக உள்ளே வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று பஸ் ஸ்டாப்பில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழி கோமதி மூலமாக வந்தது. சீசன் நேரத்தில் வேன் காலையில் ஆறு மணிக்கே வந்துவிடும். அதற்கு முன்னால் பொங்கி, கட்டி எடுத்துப் போகிற சோறு பகல் பன்னிரண்டுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். நாலு மணிக்குக் கண் இருட்டும். கம்பெனி வேலிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. அது சட்டம், எங்களுக்கு உயிர். வெளியே வடை சுட்டுக் கொண்டுவந்து பார்த்தார்கள், எண்ணெய்ப் பலகாரம் வயிற்றைப் பிடித்தது. மருந்து கலக்கிற பெண் ஒருத்தி மயங்கி விழுந்ததிலிருந்து, சாயங்காலத்துக்கு என்ன கொடுப்பது என்று ஆபீஸில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கோமதி சொன்னாள்.

மறுநாள் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். கம்பெனிக்கு உள்ளேயே, ஒரு பொறி இல்லாமல், நூற்றுச் சொச்சம் பேருக்கு ரொட்டி செய்து தருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாள் கொண்டுவந்து காட்டு, இவர்கள் சாப்பிட்டால் பார்ப்போம் என்றார்.

காயப்போட்டது யார்?

அப்படிக் கொண்டுபோய்க் காட்டியதுதான் அந்த ‘டொக்’.

திரும்பி வருகிற வழியில் சாத்தூரில் இறங்கி மைமூன் அக்கா கடைக்குப் போனேன். தூக்குச்சட்டியைப் பலகையில் வைத்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா ஒன்றை எடுத்தார், வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். வீட்டில் நான் செய்கிற ரொட்டியை அவர் எத்தனையோ தடவை தின்றிருக்கிறார், அது பிய்க்க வரும். இதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். கம்பெனிக்குக் கொண்டுபோகிறது ஆயிற்றே, ஈரம் இருந்துவிடக் கூடாதே என்று ஒரு நாளுக்குப் பதில் ரெண்டு நாள் போட்டேன். திருப்பித் திருப்பிப் போட்டேன்.

“ஏ மாரி, நீ ரொட்டி காயப்போடல. வெடி காயப்போட்டுருக்க” என்றார் அக்கா.

உண்மை. கம்பெனிக்கு என்று நினைத்த மாத்திரத்தில் என் கை கம்பெனிக் கையாக மாறிவிட்டது. எங்கள் பக்கம் ‘நமத்துப்போனது’ என்பதைவிடக் கெட்ட பேச்சு கிடையாது. நமத்த மத்தாப்பு, நமத்த சரம், நமத்த புஸ்வாணம் என்று எங்கிருந்தாவது பார்சல் திரும்பி வந்தால் செட்டு முழுக்கத் தலைகுனிந்து நிற்கும். சோம்பேறி ஆளைக்கூட நமத்த வெடி என்றுதான் திட்டுவோம். பதினோரு வருசம் ஈரத்தை எதிரியாகப் பார்த்தவளுக்கு, ஒரு ரொட்டியில் கொஞ்சம் ஈரத்தை விட்டு வைக்க மனசு வரவில்லை. வேறு எந்த ஊர்ப் பெண்ணும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அந்தத் தெளிவு வந்ததும் அழுகை நின்றுவிட்டது. அங்கேயே நாலு படி கம்பு அளக்கச் சொன்னேன். அண்ணாச்சிக்கு அக்கா கடைப் போனிலிருந்தே பேசினேன். இன்னொரு நாள் வேண்டும், இந்தத் தடவை அங்கேயே வந்து செய்கிறேன் என்றேன். திங்கக்கிழமை வா, அதுதான் கடைசி என்றார்.

திங்கட்கிழமை

முளைகட்டிய கம்பும் கடலையும் அரைத்த மாவை இரண்டு தூக்கில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். கேட் ரூமுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நல்ல கருங்கல் தளம் ஒன்று இருந்தது. சரக்குக் காயப்போடுகிற மேடைகள் அந்தக் கடைசியில் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் காற்றுகூட என் ரொட்டி மேல் படக் கூடாது என்று அண்ணாச்சி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். தளத்தை மூன்று தடவை கழுவி, இலை விரித்து, கல் வைத்து இலையை அழுத்தித் தட்ட ஆரம்பித்தேன்.

பத்து மணிக்கு வெயில் பிடித்தது. பன்னிரண்டுக்குத் திருப்பிப் போட்டேன். சோதனை அதற்கப்புறம்தான் வந்தது.

ஒரு மணிச் சாப்பாட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தளத்தைச் சுற்றி வந்தார்கள். குனிந்தார்கள், விரலால் தொட்டார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். இன்னும் காயவில்லையே என்றாள் ஒருத்தி. நடுவில் பச்சையாக இருக்கிறது, நாலு மணி வரைக்கும் கிடக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. கோமதிகூட, தாடையைத் தடவிக்கொண்டே, இன்னும் ஒரு மணி நேரம் போடலாமே என்றாள். அத்தனை பேரும் வெயிலோடு வாழ்க்கை நடத்துகிறவர்கள். வானத்தைப் பார்த்தே எத்தனை நாழிகையில் எந்தச் சரக்கு காயும் என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும்போது எதிர்த்து நிற்பது லேசான காரியமில்லை.

என் கையே எனக்கு எதிராக இருந்தது. ரொட்டியைத் தொடும்போதெல்லாம் ‘ஈரம், ஈரம்’ என்று கை அலறியது. எடுத்துவிடலாம் என்று குனிவேன், மனசு வராமல் நிமிர்வேன். இதுவும் போனால் திரும்பி வர எனக்கு முகம் கிடையாது.

ரெண்டு மணிக்கு இலையிலிருந்து ரொட்டிகளை எடுக்க ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி வந்தார். ஒரு ரொட்டியின் நடுவில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் பட்ட இடம் குழிந்து, அப்படியே நின்றது.

“ஈரம் நிக்குதேம்மா” என்றார்.

“நிக்கட்டும் அண்ணாச்சி. இது வெடிக்கப் போறதில்ல, திங்கப் போறது” என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் ரொட்டிகளை அடுக்கி, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியால் மூடி நிழலில் வைத்தேன். சரக்கு மேல் ஈரத்துணியா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் வரிசையாக வந்தார்கள். வெள்ளி மருந்து அப்பிய கைகள். கையைக் காட்டு என்றேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவாத யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று தொட்டிப் பக்கம் திருப்பி அனுப்பினேன். முனகிக்கொண்டே போய்க் கழுவி வந்தார்கள். ஆளுக்கு இரண்டு ரொட்டி, ஒரு கரண்டி எள்ளுக் கருப்பட்டிப் பொடி.

பிய்த்தார்கள். பிய்க்க வந்தது.

கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும்தான். இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர் என் பலகாரத்தைப் புகழ்ந்துவிட்டார்கள். சென்னையில் ஒரு கண்காட்சியில் சால்வைகூடப் போர்த்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றையும் நான் இதுவரை கேட்கவில்லை. கோமதி ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு, இன்னொன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள், வீட்டில் காட்ட வேண்டுமாம். பக்கத்தில் இருந்தவளும் முடிந்தாள்.

அண்ணாச்சி நின்றபடியே இரண்டையும் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“வத்தப் பொடி இருந்தா இன்னும் நல்லாருக்கும்” என்றார். “நாளைக்கு வேன் வரும். வேலைக்கு வந்துரு.”

சும்மா உட்கார்ந்திருக்க என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? வேலைக்கு என்று சொன்னார்.

கேட்டில்

மறுநாள் காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே தெருமுனையில் நின்றேன். வேன் நின்றது. யாரும் என் கையைப் பார்த்து நகர்ந்து இடம்விடவில்லை, இடித்துத் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

உங்களுக்குப் பட்டாசுக் கம்பெனிக் கேட் தெரியுமோ என்னவோ. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வாட்ச்மேன் ஒரு கேள்வி கேட்பார். தினமும் கேட்பார், நூறு பேரிடமும் கேட்பார், பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. நாங்களும் வாயசைப்பது மட்டும்தான்.

பயம் எனக்குப் போகவில்லை. அதை மறைக்க மாட்டேன். அந்தக் காலையிலும் எங்கள் பழைய செட்டு இருந்த பக்கம் பார்க்காமல்தான் கேட்டுக்கு வந்தேன். ஆனால் நெருப்புக்குப் பயந்து ஒடுங்கியவள் என்று என்னை இனி ஒருத்தரும் சொல்ல முடியாது. நெருப்பு இல்லாமலே ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு போட்டேன், ஒரு கம்பெனிக்கும் போட்டுவிட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பை எப்போதோ மதினி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. சாமி படத்துக்குச் சிவப்பு பல்ப் போட்டாயிற்று. எங்கள் வீட்டுக்காரர், நான் ஒரு வார்த்தை கேட்காமலே, ஆடியோடு பீடியை விட்டிருந்தார்.

என் முறை வந்தது. வாட்ச்மேன் மாவுத்தூக்கைத் திறந்து மோந்து பார்த்தார், மூடினார்.

“தீப்பெட்டி இருக்கா?”

“எங்கிட்ட இல்ல” என்றேன். “எங்க வீட்லயே இல்ல.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.